லேத்தில் மரக் கைச்சக்கரம் கடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஸ் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி), டிரில் மேசை, பேண்ட் சா (நாடா ரம்பம்), திக்னஸர் (பலகையை ஒரே தடிமனுக்கு இழைக்கும் இயந்திரம்), லேத்தின் டெயில்ஸ்டாக் (எதிர்முனையில் முட்டுக் கொடுக்கும் பகுதி) என்று பட்டறையில் திருகு இருக்கிற இடமெல்லாம் அதைச் சுற்ற ஒரு சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்தை மரத்தில் நாமே கடைந்துகொள்வது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை. வீட்டில் சின்ன மர லேத் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வட்டமாகக் கடைவது இதில் சுலபமான பாதி. மரமும் இரும்பும் சேரும் நடுப்பகுதிதான் கஷ்டமான பாதி, அதனால் பதில்களும் அங்கேதான் நீளும்.

மரச் சக்கரம் தாங்குமா? வைஸை இறுக்கும்போது உடைந்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மி.மீ. விட்டச் சக்கரத்தின் விளிம்பை 10 கிலோ விசையில் திருகுகிறீர்கள், திருகு எம்16 (16 மி.மீ. விட்டம்), ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும். உராய்வே இல்லையென்றால் வைஸின் தாடையில் 3,000 கிலோவுக்கு மேல் விழ வேண்டும். உண்மையில் மரைக்குள்ளும் வாஷரின் அடியிலும் உராய்வு பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிடும். மிச்சம் 300 கிலோ. பலகையைப் பிடித்து இழைக்க அதுவே தாராளம்.

அந்த 300 கிலோவும் திருகின் நீளவாக்கில் போகிற விசை, நடுவில் இருக்கும் நட்டும் வாஷரும் அதைச் சுமக்கின்றன. சக்கரத்தின் உடம்புக்கு வருவது உங்கள் கை கொடுக்கும் முறுக்கு மட்டும். நன்கு காய்ந்த கெட்டி மரத்துக்கு அது பொருட்டே இல்லை. மரச் சக்கரம் விட்டுப்போனது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நட்டு மரத்துக்குள் வழுக்கிச் சுற்றியிருக்கும், இல்லையென்றால் ஆரக்கால் வைத்துச் செய்த சக்கரத்தின் வட்டை (வெளி வளையம்) பிளந்திருக்கும். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது.

வார்ப்பிரும்புச் சக்கரமே வாங்கிவிடலாமே?

பழைய இரும்புக் கடையில் சரியான துளையோடு ஒன்று கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நமக்கு வேண்டிய விட்டமும் வேண்டிய மரையும் ஒரே சக்கரத்தில் அமைவது அபூர்வம். துளையைப் பெரிதாக்கி உள்ளே சாவிக்காடி (தண்டோடு பூட்டுவதற்கான பள்ளம்) வெட்டித்தரச் சொன்னால் கூலி சக்கரத்தின் விலையைத் தாண்டும். மரத்தில் செய்தால் துளை உங்கள் இஷ்டம்.

ஒரு விஷயத்தில் இரும்பை மரம் எட்டவே முடியாது. கனமான இரும்புச் சக்கரத்தைச் சுண்டிவிட்டால் அந்த வேகத்திலேயே பல சுற்று ஓடி வைஸைத் திறந்துவிடும். 200 மி.மீ. விட்டம், 30 மி.மீ. தடிமன் உள்ள தேக்குச் சக்கரம் சுமார் 600 கிராம்தான் வரும், நாலைந்து சுற்றில் நின்றுவிடும்.

எந்த மரம் நல்லது?

வைரம் பாய்ந்த, காய்ந்த, கணு இல்லாத மரம் எதுவும் சரி. நம் ஊரில் கிடைப்பவற்றில் பூவரசு எனக்குப் பிடித்தது. நார் நெருக்கமாக இருக்கும், சுலபத்தில் பிளக்காது, உளிக்கும் இணங்கும். கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கே போன மரம், பலத்தைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அதில் துவர்ப்பு அதிகம், ஈரம் பட்டால் நட்டைச் சுற்றிக் கறுத்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கறுப்புச் சாயம் கிடைக்கிறதே, அதே வேதியியல்தான். வாகையும் நன்றாக வரும், தூசி மட்டும் மூக்கை அரிக்கும், முகமூடி கட்டாயம். புளி இரும்பு மாதிரி. சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தேக்கு கடைய இனிமையானது, சுருங்கி விரிவதும் குறைவு. ஆனால் மெல்லிய விளிம்பில் பொட்டென்று தெறிக்கும், அதனால் விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக விடுங்கள். அதன் மணல் தன்மை உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும். மாமரம், ரப்பர் மரம் இரண்டும் டெயில்ஸ்டாக், பேண்ட் சா மாதிரி லேசான வேலைக்குப் போதும்.

பச்சை மரத்தில் கடைய வேண்டாம். இன்று வட்டமாக இருப்பது காய்ந்த பிறகு முட்டை வடிவமாகும், நட்டும் தளரும். ஓர் அங்குலப் பலகை நிழலில் ஓராண்டாவது கிடந்திருக்க வேண்டும். பழைய கதவு நிலை, உத்தரம் கிடைத்தால் அதைவிட நல்ல சரக்கு வேறில்லை. ஆணி உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு லேத்தில் ஏற்றுங்கள்.

பிளைவுட்டில் செய்யலாமா?

தாராளமாக. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டில் 18 மி.மீ. இரண்டு தகட்டை ஒட்டினால் எந்தப் பக்கமும் பிளக்காத, பருவத்துக்குப் பருவம் வட்டம் மாறாத சக்கரம் வரும். வெளியே தெரியாத இடத்துக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். உள்ளே இடைவெளி விட்டு ஒட்டிய மலிவான பிளைவுட் மட்டும் வேண்டாம், அந்த ஓட்டையில் உளி மாட்டினால் ஒரு தகடே பெயர்ந்து வரும். பிளைவுட் பசை உளியின் கூரை நிமிஷத்தில் தின்னும் என்பதால் கடைசிச் சீவலுக்கு முன் ஒரு முறை தீட்டிக்கொள்ளுங்கள்.

விட்டமும் தடிமனும் எவ்வளவு?

கை சொல்வதுதான் அளவு. டெயில்ஸ்டாக்குக்கு 120 முதல் 150, வைஸுக்கு 180 முதல் 220, அடிக்கடி ஏற்றி இறக்கும் மேசைக்கு 150 மி.மீ. போதும். விளிம்பு 25 மி.மீ. தடிமனில் உருண்டையாக இருந்தால் விரல் சுற்றிப் பிடிக்க வாகாக இருக்கும். நடுக் குடம் (திருகு நுழையும் நடுப்பகுதி) மட்டும் 35 அல்லது 40 மி.மீ. தடிமனோடு, திருகின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு அகலமாக இருக்கட்டும். சக்கரத்துக்குப் பின்னால் விரல் முட்டி போக இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

சக்கரம் திருகோடு சேர்ந்து சுற்ற வேண்டுமா, திருகின் மேல் நட்டுப்போல ஓட வேண்டுமா?

மரத்தைத் தொடும் முன் இதற்கு விடை தெரிய வேண்டும். மேசைமேல் வைக்கும் இரட்டைத் திருகு வைஸில் திருகு அசையாமல் நிற்கும், சக்கரம் அதன்மேல் நட்டாக ஓடி முன்பலகையைத் தள்ளும். டிரில் மேசையிலும் டெயில்ஸ்டாக்கிலும் சக்கரம் திருகோடு பூட்டியிருக்கும், இரண்டும் சேர்ந்தே சுற்றும். முதல் வகைக்கு நட்டு உள்ளே புதைய வேண்டும். இரண்டாவதற்குச் சக்கரமும் தண்டும் ஒன்றையொன்று வழுக்காமல் பிடிக்க ஒரு பூட்டு வேண்டும். ஒரு வகைக்குச் சொன்ன வழியை மற்றதில் செய்தால் பாதி நாளில் கழன்றுவிடும்.

நட்டை மரத்தில் எப்படிப் புதைப்பது? நான் வைத்தது உள்ளேயே சுற்றுகிறதே?

வட்டத் துளையில் நட்டை வைத்து அரால்டைட் (எபாக்ஸி) பசையை ஊற்றினால் அப்படித்தான் ஆகும். ஆறு முனையும் மரத்தைக் கடிக்க வேண்டும், பசை துணைக்குத்தான்.

எம்16 நட்டு எதிரெதிர் முகத்துக்கு 24 மி.மீ., முனைக்கு முனை கிட்டத்தட்ட 28, தடிமன் 13. சக்கரம் லேத்தில் இருக்கும்போதே டெயில்ஸ்டாக்கில் டிரில் சக் மாட்டி, 24 மி.மீ. ஃபோர்ஸ்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள குழி எடுக்கும் பிட்) 14 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். பிறகு 17 மி.மீ. பிட்டால் மறுபக்கம் வரை துளையிடுங்கள். வரிசையை மாற்றினால் ஃபோர்ஸ்னருக்கு நடுவில் ஊன்ற மரம் இருக்காது, அலையும். இப்போது மறுபக்கத்திலிருந்து நீளமான எம்16 போல்ட்டை நுழைத்து, நட்டைக் குழியின் வாயில் உட்காரும்வரை திருகுங்கள். கத்தி முனையால் ஆறு மூலைகளையும் மரத்தில் கீறிக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். கால் அங்குல உளியால் அந்த ஆறு மூலைகளை மட்டும் கொத்தி எடுக்க வேண்டும், கீறலுக்கு ஒரு மயிரிழை உள்ளேயே நிறுத்துங்கள். திரும்ப நட்டை வைத்து, போல்ட் தலைக்கு அடியில் பெரிய வாஷர் போட்டு ஸ்பேனரால் இறுக்கினால் நட்டு கிறீச்சென்று மரத்தை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அந்தச் சத்தம் வந்தால் சரியாக வந்திருக்கிறது. ஆட்டமில்லாமல் இறங்குவதைப் பார்த்த பிறகு வெளியே தட்டி எடுத்து, நட்டின் பக்கங்களை அரத்தால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைத்து, எபாக்ஸி தடவி மறுபடி இழுத்து இறக்குங்கள். போல்ட்டின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் அது பசையில் ஒட்டிக்கொள்ளாது.

நட்டுக் குழி எந்த முகத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் வரும். உங்களைப் பார்த்த முகத்தில். இறுக்கும்போது திருகு நட்டை வைஸ் பக்கமாக இழுக்கும், அப்போது நட்டு மரத்துக்குள் இன்னும் ஆழமாக அமுங்கும். மறுமுகத்தில் வைத்தால் ஒவ்வொரு இறுக்கலும் நட்டைப் பிடுங்கி வெளியே எடுக்கப் பார்க்கும்.

உளி வேலை வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு, கனமான வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். 5 மி.மீ. தகட்டில் 60 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, நட்டை அதில் வெல்டு வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டைச் சுற்றி நான்கு ஸ்க்ரூ போட்டுக் குடத்தில் பதித்துவிட்டால் அது சுற்றுவதற்கு வழியே இல்லை, நாளைக்கு மரை தேய்ந்தாலும் கழற்றி மாற்றலாம். துத்தநாகம் பூசாத கறுப்பு நட்டாகக் கொடுங்கள். பூசிய நட்டை வெல்டு செய்யும்போது வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவே காய்ச்சல் வரும்.

திருகோடு பூட்டும் சக்கரத்துக்கு?

தண்டின் குறுக்கே துளையிட்டு ரோல் பின் (பிளவுள்ள குழல் வடிவ ஆணி) அடிப்பது எளிது. 16 மி.மீ. தண்டுக்கு 5 மி.மீ. பின் போதும், அதற்கு மேல் போனால் தண்டே பலவீனமாகும். குடத்தின் பின்முகத்தில் ஒரு காடி வெட்டி, பின்னின் இரண்டு முனையும் அதில் உட்காரும்படி செய்யுங்கள். பின் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மரத்தின் மீது அழுத்தம் குறையும், 50 மி.மீ. இருந்தால் நிம்மதி. முன்பக்கம் வாஷரும் நைலான் நட்டும் போட்டு மூடிவிடலாம். மரத்தின் வழியாகத் தண்டை நோக்கிக் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போடும் வழியை மட்டும் மறந்துவிடுங்கள். மரத்தில் மரை தங்காது.

எந்த மரை வாங்குவது? கடையில் நாலு நூல் என்கிறார்கள், எம்12 என்கிறார்கள்.

எட்டு நூல் ஓர் அங்குலம். அப்படியானால் நாலு நூல் என்பது அரை அங்குலம், 12.7 மி.மீ. எம்12 அதைவிட ஒல்லி, மரையின் இடைவெளியும் வேறு. எம்12 போல்ட் அரை அங்குல நட்டில் கொழகொழவென்று போய்விடும், சேர்ந்துவிட்டது என்று தோன்றும். முதல் இறுக்கலிலேயே மரை உரியும். திருகு கம்பியையும் நட்டையும் ஒரே கடையில், ஒன்றோடொன்று ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

மேசை உயரம் மாதிரி அளந்து நகர்த்தும் இடங்களுக்கு எம்16 வசதி, ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. சக்கரத்தின் குடத்தில் 20 கோடு போட்டால் ஒரு கோடு 0.1 மி.மீ. எம்12-இல் ஒரு சுற்று 1.75 மி.மீ., கணக்குப் போட்டே அலுத்துவிடும்.

லேத்தில் எப்படிப் பிடிப்பது?

ஃபேஸ்பிளேட் (சுழலும் தண்டில் மாட்டும் இரும்புத் தட்டு) போதும், நாலு தாடை சக் (கவ்விப் பிடிக்கும் தலை) இருந்தால் சௌகரியம். சக்கரத்தில் ஸ்க்ரூ ஓட்டை விழக் கூடாது என்பதால் நடுவில் ஒரு வீண்கட்டை வேண்டும். வீண்கட்டையை ஃபேஸ்பிளேட்டில் ஸ்க்ரூ போட்டு, முகத்தைச் சமமாகச் சீவி, அதில் ஃபெவிகால் தடவி ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டி, அதன்மேல் மறுபடி ஃபெவிகால் தடவிச் சக்கரப் பலகையை வைத்து இறுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். கடைந்து முடிந்ததும் இணைப்பில் அகல உளியை வைத்து ஒரு தட்டு. காகிதம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டு பிரியும். மிச்சத்தை ஈரத்துணி பார்த்துக்கொள்ளும். கனமான பலகையென்றால் கடையும் நேரம் முழுவதும் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்தே வையுங்கள், துளையிடும்போது மட்டும் விலக்கலாம்.

வரிசை முக்கியம். முதலில் விளிம்பை வட்டமாக்கி, முகத்தைச் சமமாக்கி, உடனே நடுத்துளை. அதற்கப்புறம்தான் குடத்தையும் பள்ளத்தையும் வடிவமாக்குவது. லேத்திலேயே போட்ட துளை விளிம்போடு ஒரே மையத்தில் இருக்கும். வெளியே எடுத்து டிரில்லில் போட்ட துளை அரை மி.மீ. தள்ளிவிட்டால் சக்கரம் சுற்றும்போதெல்லாம் துள்ளும், கண்ணுக்கு அது ரொம்பவே தெரியும். மறுபக்கத்தைக் கடைய அந்தத் துளையிலேயே ஒரு போல்ட்டைக் கோத்து, இருபுறமும் வாஷரும் நட்டும் போட்டுச் சக்கில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹெட்ஸ்டாக்கின் (லேத்தைச் சுழற்றும் மோட்டார் பக்கத் தலை) டேப்பர் துளையில், அதாவது கூம்பு வடிவத் துளையில், டிரில் சக்கைச் சொருகி, அதில் சக்கரத்தைப் பிடித்துக் கடையாதீர்கள். உளி பக்கவாட்டில் தள்ளத் தள்ள டேப்பர் நழுவி, சக்கோடு எல்லாம் பறந்து வரும். பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளப் போல்ட் இருந்தால் மட்டும் சரி.

என்ன வேகம்?

விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மோடு பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பழைய கணக்கு. 8 அங்குலச் சக்கரத்துக்கு 750 முதல் 1,100. இது வட்டமான பிறகு. சதுரப் பலகையை ஏற்றியிருக்கும்போது 500-ஐத் தாண்ட வேண்டாம். லேத் ஆடினால் வேகத்தைக் குறையுங்கள், பிடிப்பைப் பாருங்கள். முன்னதாக மூலைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டால் பாதி ஆட்டம் போய்விடும். முகக்கவசம் போடுங்கள், கையுறை போடாதீர்கள், துண்டும் முழுக்கைச் சட்டையும் வேண்டாம், சுவிட்சைப் போடும்போது சக்கரத்துக்கு நேராக நிற்காதீர்கள்.

விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பிய்ந்து பிய்ந்து வருகிறது.

பலகையை வட்டமாக வெட்டினால் விளிம்பின் இரண்டு பக்கம் நார் குறுக்காக வெட்டுப்படும், அங்கேதான் பிய்யும். ஸ்க்ரேப்பரை வைத்து அழுத்தினால் இன்னும் மோசமாகும். தீட்டிய கவுஜ் (குழிவான) உளியால், சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்தை நோக்கி மெல்லிசாகச் சீவுங்கள். கடைசிச் சீவலுக்கு முன் அந்த இடத்தில் நீர்த்த ஷெல்லாக்கைத் தடவிக் காயவிட்டால் நார் எழாது. பிறகு உப்புத்தாள் 120, 180, 240. தாளைப் பிடிக்கும் முன் டூல் ரெஸ்டை (உளியை ஊன்றும் தாங்கி) கழற்றி வைத்துவிடுங்கள், விரல் நடுவில் மாட்டும்.

ஆரக்கால் வைத்த சக்கரம் அழகாக இருக்குமே?

அழகுதான். ஆனால் ஒரே பலகையிலிருந்து ஆரக்காலும் வட்டையுமாக அறுத்தெடுத்தால், நார் குறுக்கே ஓடுகிற இரண்டு இடத்தில் வட்டை பிஸ்கட் மாதிரி ஒடியும். வண்டிச் சக்கரத்தின் வட்டையைத் தச்சர்கள் பல துண்டுகளாகச் செய்து கோத்ததும் இதனால்தான், ஒவ்வொரு துண்டிலும் நார் வளைவையொட்டி ஓடும். நாமும் அப்படியே செய்யலாம். எட்டுத் துண்டு, ஒவ்வொரு முனையும் 22.5 பாகைக்கு அறுத்தது. 200 மி.மீ. விட்டம் வர வேண்டுமானால் துண்டின் வெளிப்பக்கம் 83 மி.மீ. ஆவது வேண்டும், 88 என்று அறுத்துக்கொண்டால் கடைவதற்கு இடம் இருக்கும். வளையம் மட்டும் ஒட்டிக் கடைந்து, குடத்திலிருந்து கெட்டியான உருளைக் கம்புகளை அதில் சொருகினால் உண்மையான ஆரக்கால் சக்கரம்.

அவ்வளவு வேலை எதற்கு என்றால், முழு வட்டின் நடுப்பள்ளத்தில் ஐந்து துளை போட்டு விடுங்கள். பார்க்க ஆரக்கால் போலவே இருக்கும், பலமும் குறையாது. துளை மையங்கள் ஓடும் வட்டத்தின் ஆரத்தை 1.176-ஆல் பெருக்கிக் கவராயத்தில் வைத்தால் ஐந்து சம பாகம் கிடைக்கும். ஆறு துளை என்றால் ஆரத்தையே வைத்துச் சுற்றிவரலாம்.

சுழலும் கைப்பிடி வேண்டுமா?

ஏற்றி இறக்கும் மேசைக்கு வேண்டும், வைஸுக்கு வேண்டாம், இடுப்பில் குத்தும். 28 மி.மீ. தடிமனில் 75 மி.மீ. நீளப் பிடி கடைந்து, நடுவில் 8.5 மி.மீ. துளையிட்டு எம்8 போல்ட்டை அச்சாக வையுங்கள். போல்ட் தலை பிடியின் முனையில் புதைந்திருக்க வேண்டும். பிடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வாஷரும் நட்டும் போட்டு, நட்டைச் சக்கரத்தோடு இறுக்கினால் பிடி தனியாகச் சுழலும்.

லேத்தின் ஹெட்ஸ்டாக் பின்புறச் சக்கரத்தையும் மரத்தில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அது மோட்டார் வேகத்தில் சுற்றும். கைப்பிடி, துளை, நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ எதுவும் அதில் இருக்கக் கூடாது, சட்டையைப் பிடித்து இழுத்துவிடும். 120 மி.மீ.க்கு மேல் போகாமல் பிளைவுட்டில் செய்வது நல்லது.

சக்கரம் இறுகுவதும் தளர்வதும் சரியாக இல்லை, வாஷர் மரத்தைத் தின்கிறது.

எம்16 திருகென்றால் 51103 எண் த்ரஸ்ட் பேரிங் (நீளவாக்கு விசையைத் தாங்கும் பேரிங்) ஒன்று வாங்குங்கள். உள்துளை 17, வெளிவிட்டம் 30, தடிமன் 9 மி.மீ. சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவில் பெரிய வாஷரோடு போட்டால் அதே கைவிசைக்கு இறுக்கம் கூடும்.

பாலீஷ் எது?

கை படும் இடத்துக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும், அப்புறம் உரியும். லின்சீட் ஆயில் இரண்டு கை தேய்த்தால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ போடுங்கள்.

கைப்பிடிக்கு மட்டும் கொஞ்சம் நிறம் வேண்டுமென்றால் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் செய்வதுபோல அரக்குக் குச்சியை வைத்துப் பார்க்கலாம். லேத் ஓடும்போது குச்சியை மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் பளபளப்பு ஏறும். மேசைக்கு இரண்டு சக்கரம் இருந்தால் ஏற்றுவதற்குச் சிவப்பு, பூட்டுவதற்குப் பச்சை என்று வைத்துக்கொள்ளலாம்.